சோலைக்குள் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்

நீலகிரிக்குப் பறவை பார்க்க ஆட்களை அழைத்து வரும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே, வணக்கம்.

மழை விட்டுக் குளிர் தொடங்கியதும் உங்கள் வண்டிகள் மலையேறி வந்துவிடும். பெங்களூரில் கிளம்பி, மசினகுடியில் இரண்டு நாள் தங்கி, யானையும் கழுகும் பார்த்துவிட்டு ஊட்டிக்கு வருவீர்கள். இங்கே இரண்டு இரவு. அப்புறம் மூணாறு, தட்டேக்காடு, கடைசியில் கொச்சி விமான நிலையம். தென்னிந்தியாவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பாதை. நல்ல பாதைதான். வறண்ட முட்காட்டிலிருந்து, சோலை என்று நாம் சொல்லும் மேகம் தவழும் மலைக்காடுவரை ஒரே வாரத்தில் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

நான் இந்த மலையில் குடியிருப்பவன். பறவை பார்ப்பவன். உங்களில் சிலரோடு காலை நேரங்களில் நடந்திருக்கிறேன், சிலரிடம் நிறையக் கற்றும் இருக்கிறேன். இலை அசைவதை வைத்தே உள்ளே இருப்பது கதிர்க்குருவியா ஈப்பிடிப்பானா என்று சொல்லக்கூடியவர்கள் உங்களில் உண்டு. அதனால் உங்களுக்கு எதிரியாக நின்று இதை எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கை இருக்கிறது. சோலைக்குள் பறவையின் குரலை ஒலிக்க விட்டு அதை வெளியே வரவழைக்கும் வழக்கத்தை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். இந்த மாதம், அந்த மாதம் என்ற கணக்கு வேண்டாம். ஆண்டு முழுவதும் நிறுத்துங்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அவர்களுக்காகச் சொல்கிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். சோலை ஓரத்தில் எட்டுப் பத்துப் பேர் நிற்கிறார்கள். வழிகாட்டி கையில் செல்போன், பாசி படிந்த கல்லின் மேல் உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர். நீலகிரி சோலைக்கிளியின் பாட்டு அதிலிருந்து ஒலிக்கிறது. பெயரில்தான் கிளி, ஆள் தரையோரம் திரியும் சின்னப் பாட்டுக்காரப் பறவை. கருநீல முதுகு, விலாவில் செம்பழுப்பு. சாதாரணமாக ஓடைக்கரை இருட்டில், உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். பாட்டு கேட்டதும் இலை கிளறுவது நின்றுவிடுகிறது. ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்குத் தாவுகிறது. வாலைச் சட்டென்று விரித்து மடக்குகிறது. ஸ்பீக்கருக்கு மேலே உள்ள கொப்பில் வந்து உட்கார்ந்து, உடம்பை நிமிர்த்தி, தன் பாட்டைத் திருப்பிப் பாடுகிறது. எதிராளி யாரையும் காணவில்லை. இன்னும் கிட்டே வருகிறது. கேமராக்கள் சடசடவென்று அடிக்கின்றன. படம் எடுத்தவர்கள் சிரிக்கிறார்கள், அடுத்த பறவைக்கு நகர்கிறார்கள்.

அந்தப் பறவையைப் பொறுத்தவரை அங்கே நடந்தது வேறு. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டான் என்று நினைத்து அது சண்டைக்கு வந்திருக்கிறது. இரை தேட வேண்டிய நேரத்தை விட்டுவிட்டு, மறைவை விட்டு வெளியே வந்து, வல்லூறு கண்ணில் படுகிற இடத்தில் நின்று, இல்லாத ஒருவனைத் தேடுகிறது. நீங்கள் போன பிறகும் சும்மா இருப்பதில்லை, கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டே இருக்கிறது. நின்று பார்த்திருக்கிறேன்.

"இரண்டு நிமிஷம்தானே போடுகிறோம்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை, அவர் இரண்டு நிமிடம்தான் போட்டார். ஆனால் ஊட்டியைச் சுற்றி வண்டி போகக்கூடிய, அனுமதிச் சிக்கல் இல்லாத சோலை ஓரங்கள் எத்தனை இருக்கின்றன? கேர்ன்ஹில், தொட்டபெட்டா சாலையோரம், இன்னும் ஒன்றிரண்டு. எல்லோருடைய பட்டியலிலும் அதே இடங்கள்தான் இருக்கின்றன. அதே வளைவு, அதே கல், அங்கே வசிக்கும் அதே ஜோடி. உங்கள் குழு போனதும் அடுத்த வண்டி வருகிறது. அவர்களும் இரண்டு நிமிடம்தான் போடுகிறார்கள். டிசம்பர் விடுமுறையில் நாள் தவறாமல் இது நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் அதிகம் போடவில்லை. அந்த ஜோடிக்குத்தான் எல்லாம் சேர்ந்து விழுகிறது.

இன்னொரு பதிலும் கேட்டிருக்கிறேன். "நாங்கள் வருவது குளிர்காலத்தில், இது கூடு கட்டும் காலம் இல்லையே." சரி, சோலைக்கிளி பெரும்பாலும் ஏப்ரலுக்கு மேல்தான் கூடு வைக்கிறது. ஆனால் அது வலசை போகிற பறவை கிடையாது. குளிர்காலத்திலும் அதே சோலையில்தான் இருக்கிறது. ஜனவரி விடியலில் இங்கே புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும், தெரியும்தானே? நீங்களே விருந்தாளிகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கிறீர்கள். அந்தக் குளிரில் இரவைத் தாண்டிய சின்ன உடம்புக்கு வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் வருகிறவர்கள் இதைவிட மோசமானதைச் செய்கிறார்கள். அலகில் புழுவோடு கூட்டுக்குப் போக வேண்டிய பறவை, புழுவை வைத்துக்கொண்டே ஸ்பீக்கர் முன்னால் நிற்கிறது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டின் அருகே குழுவாக நின்று படம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சோலையின் மூலைக்கு மூலை வனக்காவலரை நிறுத்த முடியாது. நீங்களாக நிறுத்தினால்தான் உண்டு.

ஏன் இந்தப் பறவைக்காக இவ்வளவு பேசுகிறேன்? நீலகிரி சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டும் வாழ்கிறது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வேறு இனம். அதற்கும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் போனால் அங்கே இன்னொன்று. 2017-இல் வெளியான ஆய்வு இவற்றை மரபணு, பாட்டு, உருவம் எல்லாம் வைத்துப் பிரித்து, ஷோலிகோலா என்று தனிப் பேரினத்தில் வைத்தது. நீலகிரி சிரிப்பானுக்கும் அதன் உறவுகளுக்கும் அதே ஆய்வில்தான் புதுப் பேரினம் கிடைத்தது. கீழே உள்ள வெப்பமான கணவாயை இந்தப் பறவைகள் கடப்பதில்லை. ஒவ்வொரு மலையும் அவற்றுக்கு ஒரு தீவு. இங்கே ஒரு சோலையில் குறைந்தால் எதிர் மலையிலிருந்து பறந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. நீலகிரி சோலைக்கிளியை ஐ.யு.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் அருகிவரும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

அது குறைந்ததற்குக் காரணம் உங்கள் ஸ்பீக்கர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். தேயிலையும், தைல மரமும், வாட்டில் என்ற அயல்நாட்டு மரமும், அணைகளும், ஊர்களும்தான் சோலைகளைத் துண்டு துண்டாக்கின. இப்போது மிச்சம் இருக்கும் துண்டுகள் சின்னவை. அந்தச் சின்னத் துண்டுகளிலும் சாலைக்குப் பக்கத்தில் இருப்பவற்றைத்தான் நாம் எல்லோரும் முற்றுகையிடுகிறோம். இருப்பதே கொஞ்சம் என்னும்போது அதை நச்சரிக்காமல் விடுவது நம் கையில் இருக்கிறது. அணையை நாம் இடிக்க முடியாது. பொத்தானை அமுக்காமல் இருக்க முடியும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். பழியை எல்லாம் வழிகாட்டியின் மேல் போடுவது எளிது, நியாயமில்லை. ஸ்பீக்கரை அவர் வைப்பதற்குக் காரணம் நீங்கள் அச்சிடும் சுற்றுலாத் திட்டம். "மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் அத்தனையும் உறுதி" என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். விருந்தாளி அந்த வரிக்குத்தான் பணம் கட்டுகிறார். லண்டனிலிருந்தோ புனேயிலிருந்தோ வந்து இறங்கும்போதே கையில் டார்கெட் லிஸ்ட் இருக்கிறது. இரண்டு காலைகளுக்குள் சோலைக்கிளி, சிரிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பான், காட்டுப்புறா எல்லாம் முடிந்தாக வேண்டும். முதல் காலை மூடுபனியில் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டாம் காலை வழிகாட்டி என்ன செய்வார்? விருந்தாளி முகம் சுருங்கினால் டிப்ஸ் குறையும், இணையத்தில் நட்சத்திரம் குறையும், அடுத்த குழு வேறு ஆளுக்குப் போகும். கையில் பொத்தான் இருக்கிறது. அவர் அமுக்குகிறார்.

அதனால் என் கோரிக்கையின் முதல் பாதி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. அந்த 'உறுதி' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "நீலகிரி சோலைக்கிளி தென்படலாம், தென்படாமலும் போகலாம். நாங்கள் ஒலி வைத்துப் பறவைகளை அழைப்பதில்லை" என்று முன்பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். வழிகாட்டிக்குப் பேசிய கூலியை, எத்தனை பறவை பார்த்தார்கள் என்ற கணக்கோடு முடிச்சுப் போடாமல் முழுதாகக் கொடுங்கள். விருந்தாளி புகார் சொன்னால் "அது எங்கள் கொள்கை" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். அவரை முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் சோலைக்கிளியைப் பார்க்கவே முடியாது என்பதும் உண்மை இல்லை. சோலையை ஒட்டிய ஈரமான சாலை ஓரங்களில், தங்கும் விடுதிகளின் பின்புறச் சாக்கடைப் பக்கம், அதிகாலையில் அது தானாக வெளியே வருகிறது. இருட்டு பிரியும்போதே போய், பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு சீகாரப் பூங்குருவி எங்கோ சீட்டியடிக்கும். சிரிப்பான்கள் புதருக்குள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். கண் இருட்டுக்குப் பழகியதும் தரையில் ஒரு இலை மட்டும் நகர்வது தெரியும். அப்படிப் பார்த்த பறவை இரை தேடும், குளிக்கும், இறகைக் கோதும். ஸ்பீக்கருக்கு வந்த பறவையிடம் சண்டைக்கோலம் ஒன்றைத்தான் பார்க்க முடியும். எந்தப் படம் நல்ல படம் என்று உங்கள் விருந்தாளிகளிடமே கேட்டுப் பாருங்கள்.

தட்டேக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தின் கடைசி நிறுத்தம் அதுதான். 1983-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சின்னக் காட்டுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது பெரும்பாலும் தவளைவாயன் என்ற இராப்பறவையைப் பார்க்க. பகலில் அது காய்ந்த சருகுக் கொத்து மாதிரி ஜோடியாக உட்கார்ந்து தூங்குகிறது. அதைக் கண்டுபிடிக்க எந்த ஒலியும் உதவாது. அந்தப் பாதையில் தினமும் நடக்கிற உள்ளூர்க்காரர் வேண்டும். அங்கே நீங்கள் அந்த உள்ளூர் அறிவுக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அதனால் அந்த ஊரில் பல குடும்பங்கள் வழிகாட்டுவதையும் வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைப்பதையும் நம்பி வாழ்கின்றன. நீலகிரிக்கு வரும்போது மட்டும் ஏன் உள்ளூர் ஆளுக்குப் பதில் ஸ்பீக்கரை நம்புகிறீர்கள்?

இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். 2018-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் திறக்கப்பட்டன. நீலகிரியில் கேர்ன்ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை முதலியவை அதில் உண்டு. பழங்குடி இளைஞர்களும் காட்டோர ஊர் இளைஞர்களும் பயிற்சி பெற்று அந்தப் பாதைகளில் கூட வருகிறார்கள். 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் தளமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகவும், ஆனது. கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதிகம் நடக்க முடியாதவர்கள்கூடப் போய்வரலாம். உங்கள் குழுக்களை இவர்களோடு அனுப்புங்கள். பறவையின் ஆங்கிலப் பெயர் அவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை உங்கள் வழிகாட்டி சொல்லட்டும். எந்த மரம் பழுத்திருக்கிறது, காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஓடையில் இந்த வாரம் தண்ணீர் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். இருவரும் சேர்ந்து நடந்தால் அந்தக் காலை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இது என் நெடுநாள் ஆதங்கம். உங்கள் பயணத்தில் புல்வெளி இல்லை. ஊட்டி என்றால் சோலை, சோலை என்றால் பட்டியலில் உள்ள ஐந்தாறு பறவைகள் என்று ஆகிவிட்டது. இந்த மேட்டுநிலத்தின் பெரும்பகுதி ஆதியில் புல்வெளி. மலை மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி மட்டும் சோலை. புல்வெளியில் மரக்கன்று முளைத்தாலும் உறைபனியில் கருகிவிடும் என்பதால் இரண்டும் அருகருகே, கோடு கிழித்த மாதிரிப் பிரிந்து நிற்கும். பார்த்தவர்களுக்குத்தான் அந்த அழகு தெரியும். புல்லைத் தரிசு என்று எழுதிவைத்து, தோல் பதனிட வாட்டில் பட்டைக்கும், விறகுக்கும், ஆலை மரக்கூழுக்கும் மரம் நட்டார்கள். நட்டதை நிறுத்திய பிறகும் வாட்டில் தானாகப் பரவுகிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நீலகிரியின் கதையும் அதே வழியில் போனதுதான்.

இந்தப் புல்வெளியை நம்பி இருப்பது நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை. பழுப்பு உடம்பில் கறுப்புக் கீற்றுகள், அவ்வளவுதான் அதன் அலங்காரம். புல் கொத்துக்கு அடியில், தரையிலேயே கூடு வைக்கும். பெயரில் நீலகிரி இருந்தாலும் மூணாறு பக்கத்து இரவிகுளத்தில் ராஜமலைச் சாலை ஓரத்தில் அதைப் பார்த்து டிக் போட்டுவிடலாம் என்பதால் இங்கே யாரும் தேடுவதில்லை. பைக்காரா போகும் வழியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியைத் தாண்டித்தான் உங்கள் வண்டிகள் போகின்றன, கண்ணாடிகூட இறங்குவதில்லை. முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பக்கம் அனுமதி வாங்க வேண்டும், நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நாள் கூட்டிப் போய்ப் பாருங்கள். புல்வெளி விளிம்பில் நின்றால் வரையாடு பாறையில் நிற்பது தெரியும், சோலையும் வாட்டிலும் புல்லும் எப்படி ஒன்றையொன்று தின்கின்றன என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு பறவை ஏன் அரிதானது என்பதை உங்கள் விருந்தாளிகள் அங்கே நின்றுதான் புரிந்துகொள்ள முடியும். சோலை ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று அது புரியாது.

அந்தப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மந்துகள் என்ற அவர்களுடைய குடியிருப்புகளை வெறும் படமெடுக்கும் நிறுத்தமாக்காமல், அழைத்தால் மட்டும், அவர்கள் சொல்கிற நேரத்தில் போங்கள்.

ஒரு இரவு கூடினால் செலவு கூடும், போட்டியாளர் இரண்டே இரவில் முடிப்பார், எங்கள் விலை எடுபடாது என்பீர்கள். நான் வியாபாரம் செய்பவன் இல்லை, அந்தக் கவலையை லேசாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் இதனால்தான் இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒருவர் மட்டும் ஸ்பீக்கரை அணைத்தால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் அணைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே வரும் அமைப்பாளர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மசினகுடியில் ஒரே விடுதியில் டீ குடிக்கிறவர்கள். உட்கார்ந்து பேசி, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மாலை போதும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கு வரவே இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது, வண்டிகளின் எண்ணிக்கைக்கும் பிறகு வரம்பு வந்தது. மலை தாங்கவில்லை என்று நீதிமன்றமே சொல்லும் காலம் இது. நாளை சோலை ஓரங்களை மொத்தமாக மூடிவிட்டால் உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. அதற்கு முன்னால் நாமே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடலாம்.

வழிகாட்டி நண்பர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. விருந்தாளி வற்புறுத்தும்போது மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின் போதே சொல்லிவிடுங்கள். ஏன் ஒலி வைப்பதில்லை என்று, மேலே நான் எழுதியதைவிட நன்றாகவே உங்களால் சொல்ல முடியும். காரணம் தெரிந்த பிறகு பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்கிறவரும், பக்கத்தில் நிற்கிற மற்றவர்கள் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவார். இரவில் ஆந்தைக்கு டார்ச் அடிப்பதையும், புழு போட்டுப் பழக்கி ஒரே கொப்பில் உட்கார வைப்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கான சுற்றுலாத் திட்டங்களை இப்போது தயார் செய்துகொண்டிருப்பீர்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த முதல் பக்கத்தைத் திருத்துங்கள். ஊட்டியில் கூடிப் பேச நாள் குறித்தால் நான் வருகிறேன், எங்கள் பக்கத்துப் பறவை ஆர்வலர்களையும் அழைத்து வருகிறேன். ஒலி வைக்காமல் பார்க்கக்கூடிய இடங்களையும் நேரங்களையும் எங்களுக்குத் தெரிந்தவரை பகிர்ந்துகொள்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
நீலகிரியில் வாழும் ஒரு பறவை ஆர்வலர்